வேனுக்குள் கைக்குழந்தையை எங்கே உறங்க வைப்பது?

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கிப் பின்பகுதியில் கட்டிலும் நடுவில் சிறு அடுக்களையுமாக மாற்றியிருக்கிறீர்கள். நாலரை மாதக் குழந்தையோடு மார்த்தாண்டத்திலிருந்து புறப்பட்டு, கொடைக்கானலையும் மூணாறையும் பத்து நாள்களில் பார்த்துத் திரும்ப எண்ணியிருக்கிறீர்கள். குழந்தையின் உறக்கத்துக்கு மூன்று வழிகளைச் சொல்லி, எது பாதுகாப்பானது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று, பெரிய கட்டிலில் உங்கள் இருவருக்கும் நடுவே படுக்க வைப்பது. இரண்டு, உங்கள் மாமியார் சொல்வதுபோல் கூரைக் கம்பியில் சேலைத் தொட்டில் கட்டுவது. மூன்று, பயணத்தில் உறங்கிவிட்ட குழந்தையை எழுப்பாமல் கார் சீட்டிலேயே விட்டுவிடுவது. மூன்றுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராக இருந்தவள் நான். ஓய்வு பெற்றபின் கணவரோடும் மகள் குடும்பத்தோடும் இதே மாதிரி வண்டியில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு சுற்றியும் இருக்கிறேன். எனவே காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கார் சீட்டிலிருந்து தொடங்குவோம். வண்டி ஓடும்போது குழந்தை இருக்க வேண்டிய ஒரே இடம் அதுதான். தாயின் மடியும் தகப்பனின் கையும் திடீர் பிரேக்குக்கு ஈடுகொடுக்கா. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையை இருக்கைப் பட்டையோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. இந்த வயதுக் குழந்தையின் சீட் பின்னோக்கிப் பார்த்தபடி, வண்டியின் முகத்தை நோக்கிய இருக்கையில் மாட்டப்பட வேண்டும். வேனை மாற்றியமைக்கும்போது பக்கவாட்டில் நீள்பெஞ்சு போடுவது நம் பணிமனைகளின் வழக்கம். அந்தப் பெஞ்சில் குழந்தை சீட்டை மாட்டக் கூடாது. காற்றுப்பை உள்ள முன்னிருக்கையிலும் பின்னோக்கிய சீட் கூடாது. வாங்கும்போது ஏஐஎஸ் 072 என்ற இந்தியத் தரக்குறியீடு அல்லது அதற்கு இணையான ஐரோப்பியக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வண்டியின் பெல்ட்டில் அது பொருந்துமா என்பதைக் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

அதே சீட் வண்டி நின்றபின் ஆபத்தாக மாறுகிறது. நாலு மாதக் குழந்தையின் தலை உடம்பை ஒப்பிட மிகப் பெரியது, கழுத்துத் தசையோ இன்னும் வலுப்படாதது. அரைச் சாய்வில் உட்கார்ந்து உறங்கும்போது தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் முட்டும். குழந்தையின் மூச்சுக்குழல் ஒரு மென்மையான சிறு குழாய். அது மடிந்தால் குழந்தை திணறிச் சத்தம் போடாது, மூச்சு மெல்லக் குறைந்து வரும், அவ்வளவுதான். அருகில் இருப்பவருக்கு அது நிம்மதியான உறக்கமாகவே தெரியும். சீட்டை வண்டியிலிருந்து கழற்றித் தரையிலோ கட்டிலிலோ வைத்தால் அதன் சாய்வும் மாறிவிடும், கவிழவும் கூடும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அதில் வைத்திருக்க வேண்டாம்; வண்டி நின்றதும் தூக்கிச் சமதளப் படுக்கையில் கிடத்திவிடுங்கள். எழுந்து அழுவானே என்று எண்ண வேண்டாம். அழுகை பத்து நிமிடத்தில் அடங்கும்.

சேலைத் தொட்டிலைப் பற்றி எழுதுவதற்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. நானும் அதில் வளர்ந்தவள், என் மக்களையும் அதில்தான் ஆட்டினேன். வீட்டில் பகல் நேரத்தில், கண்ணெதிரே ஒருவர் இருந்து ஆட்டிக்கொண்டிருக்கும்போது தொட்டில் ஒரு வகை. இரவு முழுவதும் எல்லோரும் உறங்கிக் கிடக்க, வேனின் கூரையிலிருந்து தொங்கும் தொட்டில் முற்றிலும் வேறு. துணி தொய்ந்து குழந்தையின் முதுகு வில்லாக வளைகிறது. கார் சீட்டில் சொன்ன அதே தாடை முட்டல் இங்கும் நேர்கிறது. குழந்தை ஒருபக்கம் சரிந்தால் முகம் துணியில் புதைகிறது. நாலரை மாதம் என்பது புரளத் தொடங்கும் வயது. புரண்டவனுக்குத் தொட்டிலுக்குள் திரும்பிவர இடம் இல்லை. இவற்றோடு வேனுக்கே உரிய கேடு ஒன்றும் இருக்கிறது. கூரைக் கம்பி பெரும்பாலும் திரைச்சீலையோ பையோ தொங்கவிடப் போட்டது. எட்டுக் கிலோ எடை விடாமல் ஆடினால் அதன் திருகாணிகள் தளரும். வண்டி ஓடும்போது தொட்டிலில் குழந்தை இருப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாமியாரிடம் மறுப்பாகச் சொல்லாமல், வீட்டில் பகல் உறக்கத்துக்குத் தொட்டிலும் வண்டியில் இரவுக்கு மடக்குத் தொட்டிலும் என்று சொல்லிப் பாருங்கள். என் வீட்டில் அப்படித்தான் சமாதானம் ஆனது.

இனி, நடுவில் படுக்க வைப்பது. நம் வீடுகளில் தாயோடு பிள்ளை ஒட்டிப் படுப்பதுதான் வழக்கம், அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் தரையில் விரித்த கோரைப்பாயில் தாய் ஒருக்களித்துப் படுத்துப் பாலூட்டுவதும் வேன் கட்டிலும் ஒன்றாகா. வேன் கட்டிலின் அகலம் குறைவு, அதன்மேல் போடுவது அமுங்கும் ஸ்பாஞ்சு, ஒருபக்கம் தகரச் சுவர், அந்தச் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. இரண்டு பெரியவர்களின் எடையில் மெத்தை நடுவில் குழியும். குழந்தை அந்தக் குழியை நோக்கி உருளும். நாள் முழுவதும் வண்டியோட்டிய மனிதரின் உறக்கம் எவ்வளவு கனமானது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். புகைப்பழக்கம் உள்ளவரோ, மது அருந்தியவரோ, தூக்கம் வரும் மருந்து உட்கொண்டவரோ பக்கத்தில் படுத்திருந்தால், அல்லது குழந்தை குறைமாதத்தில் பிறந்ததாகவோ பிறப்பு எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகவோ இருந்தால் இந்த வழியை நினைத்தும் பார்க்கக் கூடாது. இரவில் பாலூட்ட எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் அதன் படுக்கைக்கே திருப்பிவிடுங்கள். பாலூட்டும்போதே கண் செருகும் என்று தோன்றினால், முன்னிருக்கையில் சாய்ந்துகொண்டு ஊட்டாதீர்கள். அதைவிடத் தலையணையும் போர்வையும் அகற்றிய கட்டில் ஆபத்துக் குறைந்தது.

ஆக மிஞ்சுவது தனிப் படுக்கை, அதுவும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில். குறைந்தது ஆறு மாதம் வரை பெற்றோர் உறங்கும் அறையிலேயே, ஆனால் தனிப் பரப்பில் குழந்தை உறங்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் புதுப்பித்த பரிந்துரை. வேனில் அறை என்பதே ஒன்றுதான் என்பதால் பாதி வேலை தானாக முடிந்துவிடுகிறது. பக்கங்களில் வலை உள்ள மடக்குத் தொட்டில் வாங்குங்கள். கூடை போன்ற சிறு படுக்கைகள் கையூன்றி எழும்பத் தொடங்கும் வயதோடு பயனற்றுப் போகும், உங்கள் பிள்ளைக்கு அது இன்னும் சில வாரம்தான். வாங்குமுன் கட்டிலுக்கும் அடுக்களைப் பெட்டிக்கும் இடையே உள்ள தரையை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். பல வண்டிகளில் இந்த இடத்துக்காக ஒரு பெட்டியைக் கழற்ற வேண்டிவரும், கழற்றிவிடுங்கள். தச்சரிடம் மரத்தில் செய்யச் சொல்வதானால் பக்கத்து அழிகளுக்கு, அதாவது நிற்கும் கட்டைகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மெத்தைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது என்று பொருள்.

மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும். மடக்குத் தொட்டிலோடு வரும் மெத்தை பலகைபோல் இருக்கிறதே என்று இரக்கப்பட்டு அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தையை மடித்துப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த இரக்கம்தான் கேடு. குழந்தை குப்புறப் புரண்டால் முகம் பஞ்சில் பதிந்து, தான் வெளியே விட்ட மூச்சையே மீண்டும் இழுக்கிறது; கரியமில வாயு கூடக்கூட விழித்துக்கொள்ளும் உணர்வும் மங்குகிறது. மரத்தொட்டில் செய்தால் ரப்பரில் பதப்படுத்திய தென்னைநார் மெத்தையை அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். கையால் அழுத்திப் பாருங்கள், எடுத்ததும் குழி நிற்காமல் மேலெழும்ப வேண்டும். அதன்மேல் இறுக்கமாகச் செருகிய ஒற்றை விரிப்பு போதும். தலை உருண்டையாக வரவேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, பக்கத்தில் அண்டைகொடுக்கும் உருளைத் தலையணை, பொம்மை, போர்வை எதுவும் உள்ளே வேண்டாம். உறங்கும் நேரத்தில் கழுத்துச் சங்கிலியையும் கறுப்புக் கயிற்றையும் கழற்றிவிடுங்கள். அரைஞாண் இருக்கலாம், வசம்பு வளையலின் மணிகள் தளர்ந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

படுக்க வைப்பது எப்போதும் மல்லாந்த நிலையில். பால் கக்கினால் மூச்சில் ஏறிவிடுமே என்று தாய்மார்கள் என்னிடம் கேட்காத நாள் இருந்ததில்லை. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் மேட்டில் ஏறித்தான் மூச்சுக்குழலுக்குள் போக முடியும். குப்புறப் படுத்தால்தான் அது எளிதில் இறங்கும். அமெரிக்காவில் 1994இல் குழந்தைகளை மல்லாத்திப் படுக்க வைக்கச் சொல்லிப் பரப்புரை தொடங்கியபின், காரணம் புலப்படாத திடீர்க் குழந்தை மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. அத்தகைய மரணங்களில் பத்தில் ஒன்பது ஆறு மாதத்துக்குள் நேர்பவை, உங்கள் பயணம் அந்தக் காலத்துக்குள்தான் வருகிறது. உறங்கும்போது தானாகப் புரண்டால், இரு பக்கமும் புரளத் தெரிந்த குழந்தையை விட்டுவிடலாம். ஆனால் புரள முயலத் தொடங்கிய நாளிலேயே துணிசுற்றிக் கட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

வீட்டில் யாரும் எண்ணிப் பாராத ஒன்று வேனில் உண்டு, அதுதான் தரையின் சாய்வு. முட்டத்தில் ஓர் இரவு, கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்துச் செம்மண் மேட்டில் வண்டியை நிறுத்தியிருந்தோம். கடலைப் பார்த்த மயக்கத்தில் நிலத்தை யாரும் பார்க்கவில்லை. விடியலுக்கு முன் நான் விழித்துக் கையை நீட்டினால் பேத்தியின் தலை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தொட்டிலின் தாழ்ந்த முனைவரை வழுகிப்போய், கால்கள் வலையில் மடங்க, தாடை நெஞ்சில் ஒட்டக் கிடந்தாள். தூக்கியதும் சிணுங்கினாள், வேறொன்றுமில்லை. கட்டட வேலை பார்த்தவரான என் கணவர் காலையில், சாய்வைக் குமிழியால் காட்டும் ரசமட்டத்தை எடுத்துத் தொட்டிலின் விளிம்பில் வைத்தார், குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் வண்டியின் கதவுப் பையில் ஒரு சிறு ரசமட்டம் எப்போதும் கிடக்கிறது. பத்துப் பாகைக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. ஒரு மீட்டர் நீளத்தில் பதினேழரை சென்டிமீட்டர் ஏறினால் பத்துப் பாகை. எங்கள் சாய்வு அதில் பாதிகூட இருந்திராது. ஆகவே எல்லையைப் பார்க்காமல் சமத்தையே பாருங்கள். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்து, தாழ்ந்த சக்கரத்தடியில் பலகை கொடுத்து ஏற்றி, குமிழி நடுவுக்கு வந்தபின் படுக்கையை விரியுங்கள்.

அடுத்தது காற்று. இதில்தான் மிகுந்த கண்டிப்பு வேண்டும், ஏனெனில் படுக்கையின் பிழையைக் கண் பார்த்துவிடும், காற்றின் பிழையைப் பார்க்காது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள்; ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெரியவர்களுக்குத் தலைவலியாவது வாந்தியாவது வந்து எச்சரிக்கும், குழந்தையால் சொல்ல முடியாது. எனவே ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு உறங்கக் கூடாது. நம் ஓட்டுநர்களிடம் இந்தப் பழக்கம் ஊறிப்போயிருப்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஜெனரேட்டர் வண்டியில் வேண்டவே வேண்டாம்; 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் மின்விசிறி ஓர் இரவுக்குப் போதும். கொடைக்கானல் குளிருக்குக் கரி மூட்டிய சட்டியையோ எரியும் கேஸ் அடுப்பையோ உள்ளே வைத்துக் கதகதப்பு தேடாதீர்கள். ஈஎன் 50291-2 என்று குறித்த, வண்டிகளுக்கென்றே செய்த கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கிடைக்கிறது. அதை உறங்கும் உயரத்தில் மாட்டி, ஒவ்வொரு மாலையும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

சமையல் எரிவாயுவின் போக்கு வேறு. அது காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். குழந்தையின் தொட்டிலும் தரையில்தான் நிற்கிறது. எங்கள் வண்டியை மாற்றித்தந்த பணிமனையில் சிலிண்டர் பெட்டியை அழகாக மூடித் தந்தார்கள். அடியில் வாயு வெளியேற ஒரு துளைகூடப் போடவில்லை. கேட்டதற்கு, துளை வழியாகத் தண்ணீர் ஏறும் என்றார்கள். நாங்களே துளையிட்டு, கீழ்நோக்கிய சிறு குழாய் வைத்தோம். உங்கள் வண்டியிலும் அதைக் குனிந்து பாருங்கள். சமைத்து முடிந்ததும் அடுப்பின் திருகை மட்டும் மூடாமல் ரெகுலேட்டரையும் மூடுங்கள். முடிந்தால் இரவுச் சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், சிலிண்டரையும் இரவில் வெளியே இறக்கிவிடுங்கள்.

கொசுவுக்கு என்ன செய்வது என்ற கேள்வி நம் பக்கத்தில் தவிர்க்க முடியாதது. மூடிய வேனுக்குள் கொசுவர்த்திச் சுருளும் சாம்பிராணியும் கூடவே கூடாது. ஜன்னல்களுக்கு வலை அடியுங்கள், தொட்டிலுக்கென்றே செய்த வலையை இறுக்கமாக மாட்டுங்கள். தொங்கும் வலை முகத்தில் விழும். இரண்டு எதிரெதிர் ஜன்னல்கள் இரவு முழுவதும் ஓரளவாவது திறந்திருக்க வேண்டும். ஆனியிலும் மழை ஐப்பசியிலும் மழை என்று இரண்டு பருவமும் பெய்யும் ஊர் நம்முடையது. மழை வந்தால் எல்லா ஜன்னலையும் அடைத்துவிடுவோம், விடியும்போது கண்ணாடி முழுவதும் வியர்த்து நிற்கும். அந்த ஈரம் முழுவதும் நீங்கள் விட்ட மூச்சு. ஒரு ஜன்னலுக்காவது வெளிப்புறத்தில் தகர மறைப்பு வைத்து, மழையிலும் திறந்திருக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

வெப்பத்தை அளக்கக் குழந்தையின் கையையும் காலையும் தொட்டுப் பார்க்காதீர்கள், அவை எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ கைவைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் உடுப்பைக் குறையுங்கள். கரையோரத்தில் மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றே போதும். விசிறியின் காற்று குழந்தையின் முகத்தில் நேராக அடிக்காமல் உள்ளே சுழலட்டும், அதன் வயரும் திரைச்சீலைக் கயிறும் தொட்டிலிலிருந்து எட்டாத தூரத்தில் இருக்கட்டும். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். அங்கே போர்வைக்குப் பதில் கைகள் வெளியே இருக்கும் உறங்குபை உடுத்துங்கள். உங்களுக்குத் தேவைப்படுவதைவிட ஓர் அடுக்கு கூடுதல் என்பது கணக்கு. உறங்கும்போது குல்லா வேண்டாம், குழந்தைகள் மிகுந்த வெப்பத்தைத் தலைவழியாகத்தான் வெளியேற்றுகின்றன. காலை வெயில் தகரத்தில் ஏறுமுன் எழுந்துவிடுங்கள். நிறுத்திய வண்டி பத்து நிமிடத்திலேயே பத்துப் பாகை செல்சியஸ் வரை சூடேறக்கூடும். ஒரு தேநீர் குடிக்கும் நேரத்துக்குக்கூட அதற்குள் குழந்தையைத் தனியே விடக் கூடாது.

பயண ஓட்டத்தை உறக்கத்துக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளுங்கள். நாகர்கோவிலிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் என்றால் ஒரே மூச்சில் போகலாம். உங்களுக்குத் திருநெல்வேலியில் ஒரு நிறுத்தம், கோவில்பட்டியைத் தாண்டி ஒரு நிறுத்தம் வேண்டும். ஒவ்வொன்றிலும் குழந்தையைச் சீட்டிலிருந்து எடுத்து அரை மணியாவது சமதளத்தில் கிடத்துங்கள். அழுதால் வண்டியை ஓரம் கட்டுங்கள், ஓட்டத்தில் பட்டையை அவிழ்க்காதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியை ஆட்டும் அளவுக்கு வீசும் நாள்கள் உண்டு. அங்கே இரவு நிறுத்த எண்ண வேண்டாம். மடக்குத் தொட்டிலை ஓட்டத்தில் விரித்தபடி வைக்காமல், மடித்துப் பட்டையால் கட்டிவையுங்கள்.

முதல் இரவைக் கொடைக்கானலில் தொடங்காதீர்கள். உங்கள் வீட்டு முற்றத்திலேயே வண்டியை நிறுத்தி ஓர் இரவு உறங்கிப் பாருங்கள். அடுத்த வாரம் தேங்காய்ப்பட்டணத்திலோ சொத்தவிளையிலோ இன்னொரு இரவு. ஏதாவது என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதிக தூரமில்லை, 108க்கு இடத்தைச் சொல்லவும் எளிது. அந்த இரவுகளில் மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, ஜன்னல் திறந்திருக்கிறதா, வலை தொங்குகிறதா, குழந்தை எந்த முனையில் கிடக்கிறது என்பவற்றைப் பார்த்துவிட்டு, பிடரியில் கைவைத்துப் பாருங்கள். இரண்டு இரவும் சரியாக இருந்தால் வண்டியை எடுங்கள்.